குத்தகைக் காலம் பாதியில் இருக்கும்போது பழுதுபார்ப்புக்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லலாமா?

கேள்வி: ஆதம்பாக்கம் குடியிருப்பாளர்

சென்னை ஆதம்பாக்கத்தில், தரைத்தளமும் முதல் மாடியும் கொண்ட முப்பது ஆண்டுப் பழமையான வீட்டின் முதல் மாடியில் மனைவி, மகள், 76 வயதான தாயார் ஆகியோருடன் வாடகைக்குக் குடியிருக்கிறேன். உரிமையாளர் தரைத்தளத்தில் இருக்கிறார். மாத வாடகை 21,000 ரூபாய். முன்பணம் 1,50,000 ரூபாய். ஒப்பந்தம் 24 மாதங்களுக்கு எழுதி, வாடகை அதிகாரியிடம் முறைப்படி பதிவும் செய்திருக்கிறோம். இப்போது ஒன்பதாவது மாதம் நடக்கிறது.

சென்ற மாதம் கூடத்தின் மேல்தளத்திலிருந்து உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து, மனைவியின் தையல் இயந்திரத்தின் மேல் விழுந்தது. நல்ல வேளையாக அப்போது அங்கு யாரும் இல்லை. பெயர்ந்த இடத்தில் கம்பி துருவேறி, அடுக்கடுக்காக உரிந்து தெரிகிறது. படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் பதில் வந்தது. தளத்தைச் சரிசெய்து, இரண்டு குளியலறைகளையும் இடித்துக் கட்டி, குழாய்களை மாற்றி, மேலே இன்னொரு மாடியும் எழுப்பப் போகிறாராம். ஒரு மாதத்துக்குள் நாங்கள் காலி செய்துவிட வேண்டுமாம். நான்கு மாதம் கழித்து வேண்டுமானால் 30,000 ரூபாய் வாடகைக்குத் திரும்பி வரலாமாம். காலி செய்யாவிட்டால், வேலை நடக்கும் நாட்களில் தண்ணீருக்கு உத்தரவாதம் இல்லை என்றும் எழுதியிருக்கிறார். மோட்டார் சுவிட்ச் அவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது.

பழுது இருப்பதை நான் மறுக்கவில்லை. நான்தான் அதை அவருக்குத் தெரிவித்தேன். ஆனால் ஒப்பந்தத்தில் இன்னும் பதினைந்து மாதங்கள் மீதம் இருக்கும்போது, பராமரிப்பு வேலையைக் காரணம் காட்டி எங்களை வெளியேற்ற அவருக்கு உரிமை உண்டா? வெளியேறினால் பழைய வாடகைக்கே திரும்பி வர எனக்கு உரிமை உண்டா? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: பழைய திருவல்லிக்கேணிக்காரன்

ஐயா, கவலை வேண்டாம். 1990-களில் திருவல்லிக்கேணியில் எங்கள் தந்தையார் குடியிருந்த வீட்டிலும் இதே கதைதான் நடந்தது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி, பழுதுபார்ப்பதற்காக வீட்டைத் திரும்பக் கேட்கும் உரிமையாளர், வேலை முடிந்ததும் அதே வாடகைதாரருக்கு அந்த வீட்டைத் தருவதாக உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். வீடு அவர் கைக்குப் போன நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் திரும்பத் தர வேண்டும். அதற்கு மேல் அவகாசம் வேண்டுமானால் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் காரணம் சொல்லிப் பெற வேண்டும். எங்கள் தந்தையார் அப்படித்தான் திரும்பிப் போய், அதன்பின் பல ஆண்டுகள் அங்கேயே இருந்தார். நீங்களும் அந்த உறுதிமொழியைக் கேளுங்கள். அவர் தண்ணீரை நிறுத்தினால், நீங்கள் வாடகையை நிறுத்திவிடுங்கள். தானாக வழிக்கு வருவார்.

பதில் 2: வழக்கறிஞர், சிறுவழக்கு நீதிமன்றம்

முந்தைய பதிலை எழுதிய பெரியவர் கூறியது 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பொறுத்தவரை முற்றிலும் சரி. ஆனால் அந்தச் சட்டம் இன்று நடைமுறையில் இல்லை. 2019 பிப்ரவரி 22 முதல், 2017-இல் இயற்றப்பட்ட சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் அதன் இடத்துக்கு வந்துவிட்டது. பெயரில் இரு தரப்பையும் சமமாக வைத்திருந்தாலும், உங்களைப் போன்றவர்களைப் பொறுத்தவரை பழைய சட்டத்திலிருந்த மிகப் பெரிய பாதுகாப்பு ஒன்று புதிய சட்டத்தில் மெலிந்துவிட்டது என்பதே என் கருத்து. அது எதுவென்று சொல்லும் முன், உங்களுக்குச் சாதகமானவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவதாக, ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது 21-ஆம் பிரிவில் கூறப்பட்ட காரணங்களில் ஒன்று இருந்தால் ஒழிய வாடகைதாரரை வெளியேற்ற முடியாது. அதையும் வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு பெற்றுத்தான் செய்ய வேண்டும். வாட்ஸ்அப் செய்தி ஒரு கோரிக்கை, அவ்வளவுதான். பழுதுபார்த்தல், மாற்றிக் கட்டுதல், கூடுதலாகக் கட்டுதல், இடித்தல் ஆகியவை அந்தக் காரணங்களில் ஒன்றாக இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அந்த வாசகத்தின் உயிர்நாடி அதன் கடைசிப் பகுதியில் இருக்கிறது: வீடு காலியானால் ஒழிய அந்த வேலையைச் செய்ய இயலாது என்ற நிலை இருக்க வேண்டும். காலியாக இருந்தால் கொத்தனாருக்கு வசதி, வேலை விரைவாக முடியும் என்பவை போதா. எனவே ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். தளம், குளியலறை, குழாய், புதிய மாடி ஆகிய நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டி உங்கள் முன் வைத்திருக்கிறார். நீங்கள் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவதாக, கட்டமைப்புப் பழுதைச் சரிசெய்வது உரிமையாளரின் பொறுப்பு என்று சட்டத்தின் இரண்டாம் அட்டவணை தெளிவாகக் கூறுகிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, தேவைப்படும்போது குழாய்களையும் மின்கம்பிகளையும் மாற்றுவது ஆகியவையும் அவருடைய பொறுப்பில் அடங்கும். சுவிட்ச், குழாய் வாஷர், சாக்கடை அடைப்பு போன்ற சில்லறை வேலைகளே வாடகைதாரரைச் சேரும். இந்தப் பாகுபாடு வாடகை உயர்வு விஷயத்தில் உங்களுக்கு மிகவும் உதவும். குத்தகைக் காலத்தின் நடுவே மேம்பாட்டு வேலை செய்து அதற்காக வாடகையை உயர்த்த வேண்டுமானால், வேலை தொடங்கும் முன்பே வாடகைதாரருடன் எழுத்துப்பூர்வமாக உடன்பட்டிருக்க வேண்டும். உயர்வும் வேலை முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். அவர் செய்தே ஆக வேண்டிய பழுதுபார்ப்புகள் இந்தக் கணக்கில் சேரவே சேரா. துருவேறிய தளத்தைச் சரிசெய்துவிட்டு, அதைக் காட்டி 30,000 கேட்க வழியில்லை.

மூன்றாவது, தண்ணீர். எவ்வளவு வாடகைத் தகராறு இருந்தாலும் தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, கழிவு வசதி போன்ற இன்றியமையாத சேவைகளை நிறுத்தக் கூடாது என்பது 20-ஆம் பிரிவு. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். விசாரணை முடியும் வரை காத்திராமல், சேவையை உடனே மீட்டுத் தரும்படி இடைக்கால உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. உங்கள் உரிமையாளர் தம் மிரட்டலைத் தம் கையாலேயே எழுதி அனுப்பியிருக்கிறார். அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள்.

இனி, உங்களுக்குச் சாதகமற்ற பகுதி. பழைய சட்டத்தில், திரும்பக் குடிவருவது வாடகைதாரரின் உரிமை. புதிய சட்டத்தில் அது இரு தரப்பும் மனமொத்து எழுதிக்கொண்டால் மட்டுமே கிடைக்கும். அதற்கான புதிய ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் தாக்கல் செய்யவும் வேண்டும். அப்படி எழுதிக்கொள்ளாமல், "நான்கு மாதம் கழித்து வாருங்கள்" என்ற வாய்வார்த்தையை நம்பிச் சாவியைக் கொடுத்தீர்களானால், ஐந்தாம் மாதம் அந்த வீட்டில் வேறு ஒருவரின் பெயர்ப்பலகை தொங்குவதைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். என்னிடம் வரும் கட்சிக்காரர்களில் பலர் சாவியைக் கொடுத்த பிறகே வருகிறார்கள்.

வாடகையை நிறுத்துங்கள் என்ற ஆலோசனையைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்து, அதைக் கட்டும்படி உரிமையாளர் கேட்பு அறிவிப்பு கொடுத்தும் ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால், அதுவே வெளியேற்றத்துக்குத் தனிக் காரணமாகிவிடும். பழுதுபார்ப்பு என்ற பலவீனமான காரணத்தை வைத்திருப்பவர் கையில் பலமான காரணம் ஒன்றை நீங்களே கொடுத்தது போலாகும். அவர் வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம்.

பதில் 3: கட்டடப் பொறியாளர், தாம்பரம்

வழக்கறிஞர் மூட்டையைப் பிரிக்கச் சொன்னார். அதை என் தொழில் வழியாகப் பிரித்துச் சொல்கிறேன். நீங்கள் விவரித்தபடி கம்பி அடுக்கடுக்காக உரிகிறது என்றால், மொட்டை மாடியில் பதித்த தட்டை ஓடுகளின் இடுக்குகள் வழியாக நெடுநாளாக நீர் இறங்கியிருக்க வாய்ப்பு அதிகம். துருவேறிய கம்பி பருமனில் பெருக்கும். அந்த அழுத்தம் தாங்காமல்தான் கீழேயுள்ள கான்கிரீட் பெயர்ந்து விழுகிறது. இதற்கு வழக்கமான சிகிச்சை, தளத்துக்குக் கீழிருந்து ஜாக்கி (இரும்புத் தாங்குகால்) முட்டுக் கொடுத்து, தளர்ந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைத் துரு நீக்கி, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் மீண்டும் நிரப்புவது. கம்பியின் பருமன் மிகவும் குறைந்துபோன இடங்களில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். இந்த வேலையை ஒவ்வோர் அறையாகச் செய்ய முடியும். தூசும் சத்தமும் கடுமையாக இருக்கும். அந்த அறையை முழுவதுமாகக் காலி செய்து, கதவைத் தார்ப்பாயால் மூட வேண்டியிருக்கும். மற்ற அறைகளில் குடியிருக்கலாம்.

குளியலறைகளும் அப்படித்தான். இரண்டு இருக்கின்றன என்கிறீர்கள். ஒன்றை இடித்து, நீர்க்காப்பு செய்து, தண்ணீர் தேக்கிக் கசிவு இல்லையென்று பார்த்து, ஓடு பதித்து முடித்த பிறகு மற்றொன்றைத் தொடலாம். குழாய் மாற்றும் நாட்களில் சில மணி நேரம் நீர் வராது; பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து வைத்துக்கொண்டால் போதும்.

புதிய மாடி விஷயம் வேறு. அதை நான் பூசி மெழுக விரும்பவில்லை. மேலே புதுத் தளத்துக்குச் சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும் வரை தாங்கும் பலகையும் முட்டுகளும்) அடிக்கும்போது, அந்த முட்டுகள் எல்லாம் உங்கள் தலைக்கு மேலுள்ள இந்தப் பழைய தளத்தின் மீதுதான் நிற்கும். ஈரக் கான்கிரீட்டின் எடை முழுவதும், அது இறுகும் வரை, துருவேறிய கம்பியை நம்பி இருக்கும். அந்த நாட்களில் கீழே யாரும் வசிக்கக் கூடாது என்பதே என் கருத்து. சட்டம் என்ன சொன்னாலும் நான் என் குடும்பத்தை அங்கே வைத்திருக்க மாட்டேன். அதற்கும் முன்னதாக, இந்தக் கட்டடத்தின் அடித்தளமும் தூண்களும் இன்னொரு மாடியைத் தாங்குமா என்பதே பெரிய கேள்வி. ரீபவுண்ட் ஹேமர் (கான்கிரீட்டின் மேற்பரப்பைத் தட்டிப் பார்க்கும்) சோதனை, மீயொலிச் சோதனை, தேவைப்பட்டால் தூணிலிருந்து கோர் (சிறு கான்கிரீட் உருளை) எடுத்துச் சோதனை ஆகியவற்றைச் செய்து, கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் சான்று தந்த பிறகுதான் அதைப் பற்றிப் பேச வேண்டும். பூச்சு வேலைக்கும் ஓடு பதிப்புக்கும் திட்ட அனுமதி தேவையில்லை; கூடுதல் மாடிக்குக் கட்டாயம் தேவை. அனுமதி நகலைக் காட்டச் சொல்லுங்கள். அது கையில் இல்லாதவர் ஒரு மாதத்தில் உங்களைக் காலி செய்யச் சொல்வதற்கு அந்த வேலை காரணமாக இருக்க முடியாது.

பதில் 4: வீட்டு உரிமையாளர், குரோம்பேட்டை

எல்லோரும் ஒரு பக்கத்திலிருந்தே பேசுவதால், மறுபக்கத்திலிருந்து சில வார்த்தைகள். நானும் இரண்டு பகுதிகளை வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஆள் குடியிருக்கும் வீட்டில் அறை அறையாக வேலை செய்வது சொல்வதற்கு எளிது; செலவு ஒன்றரை மடங்காகும். காலை பத்து மணிக்கு மேல்தான் சுத்தியல் எடுக்கலாம், மதியம் குழந்தை தூங்குகிறது, இன்று வீட்டில் விசேஷம் என்று தினமும் ஒரு காரணம் வரும்; கொத்தனாரும் சித்தாளும் வெறும் கையோடு உட்கார்ந்திருக்க, கூலியை நான் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் முன்பு இருந்த ஒருவர், மழைக்காலத்துக்கு முன் மொட்டை மாடி வேலையை முடிக்க விடாமல் இழுத்தடித்து, பின்னர் ஒழுகுகிறது என்று அவரே வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். உரிமையாளருக்கும் சட்டம் கொஞ்சம் வழி வைத்திருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்: கூடுதல் கட்டுமானத்துக்கு வாடகைதாரர் இடம் தராவிட்டால், வாடகை நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு மனுச் செய்யலாம்.

அதே சமயம், தண்ணீரை நிறுத்துவேன் என்பது அசிங்கமான பேச்சு. அதை நான் ஆதரிக்கவில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால், சட்டப் பிரிவுகளை எடுத்துக்கொண்டு கீழே இறங்காமல், ஒரு நாள்காட்டியை எடுத்துக்கொண்டு இறங்குவேன். எந்த அறை எந்த வாரம், எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை, சாமான்களை எங்கே வைப்பது என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், பெரும்பாலான உரிமையாளர்கள் மறுக்க மாட்டார்கள். தூசும் சத்தமும் தாங்கும் மாதங்களுக்கு வாடகையில் இரண்டாயிரம், மூவாயிரம் குறைக்கச் சொல்லுங்கள். நான் குறைத்திருக்கிறேன், வீட்டைக் காலியாகப் போட்டு மாதம் இருபதாயிரம் இழப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. பொறியாளர் ஐயா புதிய மாடியைப் பற்றிக் கூறியதைப் படித்த பிறகு, நானே அந்த நாட்களில் அங்கிருக்க விரும்பவில்லை. நேற்று மாலை, குரோம்பேட்டை அன்பர் கூறியபடி நாள்காட்டியுடன் கீழே சென்று பேசினேன். திட்ட அனுமதிக்கு இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை என்பதை ஒப்புக்கொண்டார். தளத்தையும் குளியலறைகளையும் நாங்கள் இருக்கும்போதே செய்துகொள்ளலாம் என்று இறங்கி வந்திருக்கிறார். ஆனால் வேலையாட்கள் எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்குள் வந்து போக வேண்டும் என்கிறார். தாயார் பகலில் பெரும்பாலும் தனியாக இருப்பார். பிறகு மாடி எழுப்பும் காலத்தில் மூன்று மாதம் வெளியே இருந்துவிட்டு வர நான் சம்மதித்தால், எதையெல்லாம் எழுதி வாங்க வேண்டும்? முன்பணம் அவரிடமே இருக்கட்டும் என்கிறார்.

பதில் 5: வழக்கறிஞர், சிறுவழக்கு நீதிமன்றம்

நுழைவைப் பொறுத்தவரை 17-ஆம் பிரிவு போதுமானது. பழுதுபார்க்க வருவதாக இருந்தாலும், குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். காரணம், நாள், நேரம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். நேரம் காலை 7 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடைப்பட்டதாக இருக்க வேண்டும். வேலை நடக்கும் வாரங்களுக்குத் தினமும் நோட்டீஸ் கொடுப்பது நடைமுறையில் ஆகாத காரியம். ஆகவே வாரத்துக்கு ஒரு அட்டவணையாக வாங்கிக்கொள்ளுங்கள். தாயார் தனியாக இருக்கும் நேரத்தில் உரிமையாளரோ அவர் வீட்டார் ஒருவரோ உடன் இருப்பார் என்ற வரியையும் சேருங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதிகளில் ஒலி எழுப்பும் கட்டுமான இயந்திரங்களை இயக்கக் கூடாது என்று மத்திய அரசின் ஒலி மாசு விதிகளே தடுக்கின்றன. எனவே இரவில் டிரில் ஓட்டும் பேச்சுக்கே இடமில்லை.

மூன்று மாதம் வெளியேறுவதற்கு, இப்போதுள்ள ஒப்பந்தத்தை ரத்து செய்து கையெழுத்துப் போடும்படி அவர் கேட்கக்கூடும். புதிய ஒப்பந்தம் அதே மேசையில், அதே நேரத்தில் கையெழுத்தாகாமல் பழையதை ரத்து செய்யாதீர்கள். புதியதில் திரும்பி வரும் தேதி, வாடகை 21,000 என்பது, மீதமுள்ள மாதங்கள் முழுவதும் அதே வாடகை தொடரும் என்பது, தேதி தவறினால் ஒவ்வொரு மாதத்துக்கும் அவர் தர வேண்டிய தொகை ஆகியவை எண்ணிலும் எழுத்திலும் இருக்கட்டும். வெளியே இருக்கும் மாதங்களுக்கு வாடகை இல்லை என்பதையும் எழுதுங்கள். சொல்லாமலே புரியும் என்று விட்ட வரிகள்தான் நீதிமன்றத்துக்கு வருகின்றன. பிறகு அதை வாடகை அதிகாரியிடம் தாக்கல் செய்து எண் பெறுங்கள்.

முன்பணம் பற்றி. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்பதே சட்டம். நீங்கள் ஏழு மாத வாடகைக்கும் சற்று அதிகமான தொகையைக் கொடுத்திருக்கிறீர்கள். சென்னையில் பத்து மாதம் கேட்பவர்களும் உண்டு என்பதால் இது வியப்பில்லை. மூன்று மாத வாடகையான 63,000 ரூபாயை அவர் வைத்துக்கொள்ளட்டும். மீதி 87,000 ரூபாயைச் சாவி கொடுக்கும் நாளிலேயே திருப்பித் தரச் சொல்லுங்கள். தற்காலிக வீட்டுக்கும் நீங்கள் முன்பணம் கொடுக்க வேண்டியிருக்கும் அல்லவா? இதற்கு அவர் தயங்கினால், திரும்பி வரவிடும் எண்ணம் அவருக்கு எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதை அங்கேயே கண்டுகொள்ளலாம்.

பதில் 6: கட்டடப் பொறியாளர், தாம்பரம்

ஒரு சிறு சேர்க்கை. வேலை தொடங்கும் முன் எல்லா அறைகளையும் தேதி தெரியும்படி படம் எடுத்து, விரிசல்களின் முனைகளில் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வையுங்கள். பின்னர் முன்பணத்தில் "சேதம்" என்று கழிக்க வந்தால் அது பேசும். கூடத்தில் ஜாக்கி முட்டு நிற்கும்போது யாரும் அதை நகர்த்த விடாதீர்கள். இடம் போதவில்லை என்று வீட்டிலுள்ளவர்களே ஒன்றிரண்டைத் தள்ளி வைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

இன்று காலை, தளத்துக்கும் குளியலறைகளுக்குமான அட்டவணையில் இருவரும் கையெழுத்திட்டோம். வேலை நடக்கும் ஆறு வாரங்களுக்கு மாதம் 3,000 ரூபாய் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தார். மாடி பற்றிய ஒப்பந்தத்தை அனுமதி கைக்கு வந்த பிறகு வழக்கறிஞர் ஐயா சொன்னபடி எழுதிக்கொள்வதாக முடிவு. 87,000 ரூபாயைப் பற்றிப் பேச்செடுத்தபோது மட்டும் அவர் மாடிப்படிப் பக்கம் திரும்பி, மோட்டார் ஓடுகிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று போய்விட்டார். தாயாரின் அறையை ஒட்டிய குளியலறையைக் கடைசியில் எடுத்துக்கொள்ளக் கேட்டிருக்கிறேன்; திங்கட்கிழமை கூடத்தில் வேலை தொடங்குகிறது.